ஒற்றைக் கோடு

ஒன்றா இரண்டா என்று மதியம் ஒரு மணிக்குள் சொல்லிவிட வேண்டும். இப்போது மணி ஒன்பது இருபது. நடுவில் இருக்கிற நேரம் முழுக்க நான் இந்த அறையில் நிற்க வேண்டும், உட்காரக் கூடாது, எதையும் படிக்கக் கூடாது, வாசலில் நின்று பக்கத்து அறை டீச்சரோடு பேசக் கூடாது. போன் கீழே தலைமையாசிரியர் அறையில் ஓர் அட்டைப்பெட்டிக்குள் மற்றவர்களின் போன்களோடு கிடக்கிறது. அதற்காகத்தான் வந்தேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலை ஏழரைக்கு மார்பில் ஆபரேஷனை வைத்துக்கொண்டு, சனிக்கிழமை அரசு வேலைத் தேர்வுக்குக் கண்காணிப்பாளராக வந்து நிற்கிறவளைப் பைத்தியம் என்று என் மகள் சிந்துஜா சொன்னாள். சொல்லட்டும். வீட்டில் இருந்திருந்தால் பெங்களூரிலிருந்து பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் கூப்பிட்டிருப்பாள், என்னம்மா முடிவு பண்ணின, என்னம்மா முடிவு பண்ணின. இங்கே இருபது பேர் இருக்கிறார்கள், ஒருவருக்கும் என்னைத் தெரியாது, எல்லோருக்கும் அவரவர் பயம். முன்வரிசையில் நரைத்த மீசைக்காரர் ஒருவர், வயது வரம்பின் கடைசிப் படியில் நிற்கிறவர் போல. ஜன்னல் பக்கம் மூன்றாவது பெஞ்சில் மஞ்சள் புடவைப் பெண், ஹால் டிக்கெட்டில் அழகுமீனா என்று இருந்தது, வாசலிலேயே என்னைப் பிடித்து, நடுவில் ஒரு பத்து நிமிஷம் வெளியே போய்ப் பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு வரலாமா என்று கேட்டவள். நாலு மாசக் கைக்குழந்தை, மாமியார் வேப்பமரத்தடியில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே வந்தால் முடிகிற வரைக்கும் வெளியே விடமாட்டார்கள் என்று சொன்னேன். சரிங்க டீச்சர் என்று தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அவளுக்கு நான் சொன்ன முதல் வார்த்தையே முடியாது என்பதுதான்.

மணி அடித்துவிட்டது. அறிவுரைகளை நான் சத்தமாக வாசிக்க வேண்டும். இருபத்தெட்டு வருஷம் கணக்கு டீச்சராகக் கத்திய குரல், கடைசி பெஞ்ச் வரைக்கும் போகும். கறுப்பு மை பேனா மட்டும். ஒவ்வொரு கேள்விக்கும் A முதல் E வரை ஐந்து வட்டங்கள். தெரிந்த விடைக்குரிய வட்டத்தை முழுதாகக் கறுப்பாக்கவும், தெரியாவிட்டால் ஐந்தாவது வட்டத்தை, அதாவது விடை தெரியவில்லை என்பதை, கறுப்பாக்கவும், எதையும் வெறுமையாக விடக் கூடாது. ஒரு கேள்விக்கு ஒரே ஒரு வட்டம். இரண்டு வட்டங்களைக் கறுப்பாக்கினால் அந்த விடை. இங்கே நின்றுவிட்டேன். அடுத்த வார்த்தை கண்ணுக்குத் தெரிகிறது, வாயில் வரவில்லை. மீசைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். செல்லாது, என்றேன். செல்லாதாம். டாக்டர் எஸ்தர் அப்படிச் சொல்லவில்லை, அவர் இரண்டும் செல்லும் என்றுதான் சொன்னார், உங்கள் உடம்பு, நீங்கள்தான் சொல்ல வேண்டும், நான் இரண்டில் எதையும் செய்வேன், ஆனால் தெரிந்து சொல்லுங்கள் என்று ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு நடுவில் கோடு கிழித்தார். டாக்டர் கோடு கிழித்த விதம் எனக்குப் பிடித்திருந்தது, ஸ்கேல் இல்லாமல் நேராக வந்தது. இந்தப் பக்கம் வலது மட்டும், கட்டி இருக்கிற மார்பு, அதை எடுத்தே ஆக வேண்டும், அதில் பேச்சில்லை. அந்தப் பக்கம் இரண்டும். வலது மட்டும் என்றால் இரண்டு மணி நேர மயக்கம், இரண்டும் என்றால் நாலு. இங்கே காயத்து நீர் வடிய ஒரு குழாயோ இரண்டோ தொங்கும், அங்கே மூன்று நாலு. நூறு பேருக்கு ஒன்றை எடுத்தால் பத்துப் பேருக்குப் பக்கம் ஏதோ ஒரு சிக்கல் வரும், சீழ், ரத்தக்கட்டு, காயம் கூடாமல் பிரிந்துகொள்வது. இரண்டையும் எடுத்தால் அது ஏறக்குறைய இரட்டிப்பு. உங்களுக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது மேடம், மூன்று மாதச் சராசரி எட்டரை, அதனால் உங்களுக்கு இன்னும் கொஞ்சம் கூட வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு கூட என்று கேட்டேன். அதை யாராலும் துல்லியமாகச் சொல்ல முடியாது என்றார். என் வகுப்பில் ஒரு பிள்ளை இப்படிப் பதில் சொல்லியிருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன்.

தாள்களைக் கொடுத்தாயிற்று. இருபது தலையும் குனிந்துவிட்டது. மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தரம் டக் என்கிறது. நடக்கிறேன், நடக்கும்போது வலது கையைக் குறுக்கே கட்டிக்கொண்டு இடது மார்பை மணிக்கட்டின் உட்பக்கத்தால் லேசாக அழுத்துகிறேன், யாருக்கும் தெரியாது, டீச்சர் கை கட்டிக்கொண்டு நடப்பது போலத்தான் இருக்கும். கட்டி இருக்கிறதா. இல்லை. நாலு அடி. இருக்கிறதா. இல்லை. ஸ்கேனில் ஒன்றும் இல்லை, ஊசி போட்டு எடுத்த சோதனையிலும் ஒன்றும் இல்லை, பரம்பரையாக வருகிற கோளாறு உண்டா என்று ரத்தத்தை ஹைதராபாத்துக்கோ எங்கேயோ அனுப்பிப் பார்த்ததிலும் ஒன்றும் இல்லை. இடது நல்ல மார்பு என்று மூன்று காகிதம் சொல்கிறது. அப்புறம் ஏன் அதை எடுக்க வேண்டும் என்று என் வீட்டுக்காரர் குருசாமி கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. அவர் பஸ் டிப்போவில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர், பஸ் எத்தனை நிமிஷம் லேட் என்று சொல்வாரே ஒழிய ஏன் லேட் என்று கேட்கமாட்டார். நீ என்ன சொல்றியோ அதுதான் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். எனக்கு வந்த கோபத்துக்கு கையிலிருந்த தம்ளரை வீசியிருப்பேன். மறுநாள் காலையில் சமையலறைக்குள் போனால் மேல் தட்டில் இருந்த அரிசி டப்பா, பருப்பு டப்பா, குக்கர் எல்லாம் கீழே என் இடுப்பு உயரத்துக்கு இறங்கியிருக்கின்றன. கையை மேலே தூக்க முடியாது என்று டாக்டர் சொன்னதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு இந்த மனுஷர் ராத்திரியோடு ராத்திரியாக இதைச் செய்திருக்கிறார். வலது பக்கத் தட்டிலிருந்தும் இடது பக்கத் தட்டிலிருந்தும் இறக்கியிருந்தார். அதாவது இரண்டையும் எடுத்துவிடுவேன் என்று நினைக்கிறாரா, அல்லது எதற்கும் இருக்கட்டும் என்றா. கேட்டால் இடம் இருந்தது, வைத்தேன் என்பார்.

சிந்துஜா அப்படியில்லை, அவள் நேரே சொல்வாள். ரெண்டையும் எடுத்துரும்மா, ஒரேடியா முடிச்சிரலாம், ஆறு மாசத்துக்கு ஒருக்க ஸ்கேன் எடுத்துட்டு ரிசல்ட் வர்ற வரைக்கும் நான் செத்து செத்துப் பிழைக்கணுமா. அவளோடு வேலை பார்க்கிற பெண்ணின் அம்மா இரண்டையும் எடுத்துவிட்டு ஜம்மென்று இருக்கிறாளாம், வாக்கிங் போகிறாளாம். ஒரு பக்கம் மட்டும் இருந்தால் கோணலாக இருக்கும், தோள் வலிக்கும் என்றும் சொன்னாள். புடவைத் தலைப்புக்குள் என்ன கோணல். நான் அவளைத் திட்டவில்லை. அவள் பயப்படுகிறாள், என்னை இழந்துவிடுவோமோ என்று பயப்படுகிறாள், அது எனக்கு இனிப்பாகக்கூட இருந்தது, அதைச் சொல்ல வெட்கம். நானும் அவள் சொன்னதைத்தான் முதலில் நினைத்தேன். வலது மார்பில் என்று டாக்டர் சொன்ன அந்த நிமிஷமே என் கை இரண்டு பக்கத்துக்கும் போயிற்று, இரண்டையும் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு வெறும் ஆளாக வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று இருந்தது. எடுத்துவிட்டால் இல்லாத இடத்தில் என்ன வரும். ஆனால் வருமாம். அதையும் டாக்டர் சொன்னார், தழும்பு மேலேயும் வரலாம் மேடம், குறைவுதான், ஆனால் வரலாம்.

கையெழுத்துப் போடுகிற நேரம். ஒவ்வொருவர் பெஞ்சாகப் போய் ஹால் டிக்கெட்டில் உள்ள முகத்தையும் எதிரில் உள்ள முகத்தையும் பார்த்து, விடைத்தாளின் கீழே கண்காணிப்பாளர் கட்டத்தில் என் கையெழுத்தும் தேதியும். போட்டோவில் எல்லோரும் திருட்டு முழி முழிக்கிறார்கள். மீசைக்காரர் எனக்காகத் தாளைத் தள்ளிவைத்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார், நல்ல பையன். சுகந்தி, தேதி. சுகந்தி, தேதி. பத்து வருஷத்தில் இன்னொரு மார்பில் புதிதாக வருவதற்கு நூற்றுக்கு நாலோ ஐந்தோ, டாக்டர் தாளில் எழுதிய எண் அது. நூற்றுக்கு ஐந்து என்றால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வராது. நிகழ்தகவு பாடம் நடத்தும்போது நாணயத்துக்கு ஞாபகசக்தி கிடையாது என்று சொல்வேன், போன தடவை பூ விழுந்தது அதற்குத் தெரியாது, பிள்ளைகள் சிரிப்பார்கள். எனக்கு மட்டும் இப்போது அந்தப் பாடம் விளங்கவில்லை. வலதில் வருவதற்கும் எனக்கு அவ்வளவு குறைவாகத்தானே இருந்திருக்கும், வந்துவிட்டதே, நான்தானே அந்த ஆள், நூறு பேரை வரிசையில் நிறுத்தி என்னைத்தானே கையைப் பிடித்து வெளியே இழுத்தது, அது மறுபடி என்னை அடையாளம் கண்டுகொள்ளாதா. சுகந்தி, தேதி. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கே வரச் சொன்னார்கள், வெறும் வயிறு, மூக்குத்தியைக் கழற்ற வேண்டும், அது முப்பது வருஷமாகக் கழற்றாதது, சோப்புப் போட்டால் வருமா. டீச்சர், என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். அழகுமீனா. அவள் என் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்றைக்குப் பன்னிரண்டு. அவள் தாளில் நான் பதினான்கு என்று எழுதியிருந்தேன்.

காதுக்குள் விசிறிச் சத்தம் மட்டும். என் ஆபரேஷன் தேதியை இந்தப் பெண்ணின் விடைத்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். மெஷின் படிக்கிற தாள், ஒரு புள்ளி மை கூடினாலும் ஒதுக்கிவிடும் என்று பயிற்சி வகுப்பில் பயமுறுத்தி அனுப்பியிருந்தார்கள். என் கை தன்னால் பென்சில் பாக்ஸுக்குள் போயிற்று, அரை பிளேடு இருக்கிறது, எந்த டீச்சர் பாக்ஸில் இல்லை. மதிப்பெண் பதிவேட்டில் தப்பாக எழுதியதைப் பிளேடு முனையால் சுரண்டி, நகத்தால் தேய்த்து, அதன் மேல் எழுதுகிற வித்தை எங்கள் இனத்துக்கே தெரிந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எழுபத்து மூன்றை முப்பத்தேழு என்று எழுதிவிட்டுச் சுரண்டினேன், மை போகவில்லை, இன்னும் கொஞ்சம் சுரண்டினேன், சுத்தமாகத் தெரிய வேண்டுமே, இன்னும் கொஞ்சம், ஓட்டை விழுந்து அடுத்த பக்கத்தில் ஒரு பிள்ளையின் வருகைப்பதிவு தெரிந்தது. பிளேடை விட்டேன். புதுத் தாள் கேட்டு வாங்கிவிடலாம். அதுதான் சரி. இதைத் தூக்கிப் போட்டுவிட்டு வெள்ளையாக ஒன்று. அந்த நினைப்பு வந்ததும் மூச்சு இறங்கிற்று. வராந்தாவில் தண்ணீர் வைக்கிற அம்மாவை அனுப்பி முதன்மைக் கண்காணிப்பாளரை வரச் சொன்னேன். மரியதாஸ் சார் வந்தார், இந்தப் பள்ளியின் தலைமையாசிரியர், வியர்த்து வழிந்துகொண்டிருந்தார். புதுத் தாள் தரலாமா சார், என் தப்பு சார் என்றேன். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. அழகுமீனாவிடம், எத்தனை முடிச்சிருக்க தாயி என்று கேட்டார். அறுபத்தெட்டு சார். அவர் என்னை வாசல் பக்கம் கூப்பிட்டுப்போய்ப் பேசினார்.

"புதுசு குடுத்தா அந்தப் புள்ள அறுபத்தெட்டையும் திரும்ப எழுதணும் டீச்சர். அவசரத்துல ஒரு வரி இறங்கிருச்சுன்னா மொத்தமும் போச்சு. நம்ம மனசுக்குச் சுத்தமா இருக்கும், அவளுக்குல்ல ஆபத்து. தப்பை மட்டும் ஒத்தைக் கோடு போட்டு அடிங்க, பக்கத்துல சரியா எழுதிக் கையெழுத்துப் போடுங்க. மத்ததத் தொடாதீங்க."

மெஷின் ஒதுக்காதா சார் என்று கேட்டேன். அந்தக் கட்டத்தை மெஷின் படிக்காது, ஆள்தான் பார்ப்பார், அறிக்கையில் நான் எழுதிக்கொள்கிறேன் என்றார். ஒன்றும் ஆகாதுதானே சார். நூத்துக்கு நூறு ஆகாதுன்னு நான் எப்படிச் சொல்றது டீச்சர், ஆனா இதுதான் கம்மியான ஆபத்து, என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். எஸ்தர் டாக்டருக்கு அண்ணனாக இருப்பார் போல. நான் திரும்பிப் போய்க் கோடு போட்டேன். ஸ்கேலை வைத்துத்தான் அடித்தேன். பதினான்கு அடியில் தெரிகிறது, மேலே ஒரு கோடு, பக்கத்தில் பன்னிரண்டு, என் கையெழுத்து. பார்க்க அசிங்கமாக இருந்தது. மன்னிச்சுக்கம்மா என்றேன். பரவால்லைங்க டீச்சர் என்று சொல்லிவிட்டு அவள் அறுபத்தொன்பதாவது கேள்விக்குப் போய்விட்டாள், எனக்குத்தான் நகர முடியவில்லை. நம்ம மனசுக்குச் சுத்தமா இருக்கும். இந்த மனிதர் என்ன பேச்சுப் பேசிவிட்டுப் போகிறார். புதுத் தாள் என்றதும் மூச்சு இறங்கியதே, அது யாருடைய மூச்சு. அந்தப் பெண் அறுபத்தெட்டு வட்டத்தையும் மறுபடி கறுப்பாக்கி, விரல் ஓய்ந்து, நேரம் போய், எங்கோ ஒரு வரி தவறி, அதெல்லாம் எனக்குத் தோன்றவே இல்லை. இந்த அசிங்கம் என் கண்ணில் படாமல் இருந்தால் போதும் என்று இருந்தேன். சரி, இது தாள், அது உடம்பு, ஒன்றுக்கு ஒன்று முடிச்சுப் போடுவது படிப்பில்லாதவர்கள் வேலை, பல்லி சொன்னதற்குப் பலன் பார்க்கிற மாதிரி. தாள் கெட்டால் அடுத்த வருஷம் தேர்வு எழுதலாம். நான் தப்பாகச் சொல்லிவிட்டால்.

பதினொன்றரை. வெளியே குழந்தை அழுகிறது. எந்தக் குழந்தை என்று கேட்க வேண்டியதில்லை, அழகுமீனாவின் முதுகு நேராகிவிட்டது. ஆனால் தலை நிமிரவில்லை, எழுதிக்கொண்டே இருக்கிறாள். அழுகை ஏறுகிறது, நிற்கிறது, மறுபடி ஏறுகிறது. எனக்கு இடது மார்புக்குள் ஏதோ சுண்டி இழுக்கிறது. இது என்ன, வலியா, கட்டியா, ஓ, கடவுளே. இல்லை. இது எனக்குத் தெரிந்த இழுப்பு, இருபத்தாறு வருஷத்துக்கு முந்தையது, பால் இறங்குகிற இழுப்பு, கேட்க ஒரு குழந்தை கிடைத்ததும் கிழவி மார்புக்கு வேலை ஞாபகம் வந்துவிட்டது. அழகுமீனாவின் மஞ்சள் ரவிக்கையில் இரண்டு பக்கமும் ஈரம் வட்டமாகப் பரவுகிறது. அவள் இடது கையால் தலைப்பை இழுத்துப் போர்த்துகிறாள், வலது கை கறுப்பாக்குகிறது. பின் பெஞ்ச் இளைஞன் பார்த்துவிட்டான், பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துக்கொண்டான், மறுபடி வைத்தான். நான் போய் இருவருக்கும் நடுவே நின்றேன். என் கைக்குட்டையை அவள் பெஞ்சில் வைத்தேன், தண்ணீர் அம்மாவிடம் ஜாடை காட்டினேன், அவள் தன் பருத்தித் துண்டை மடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். விதிகளில் இதற்கு ஒன்றும் எழுதவில்லை. சிந்துஜா பிறந்தபோது வலதில் பால் கட்டிக்கொண்டு கல்லாகி, சீழ் வைத்து, கீறினார்கள், அந்தத் தழும்பு இன்றைக்கும் இருக்கிறது. அதற்குப் பிறகு அவள் வலதைத் தொடவே இல்லை, வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு அலறுவாள். பதினாலு மாசம் இடது ஒன்றில்தான் குடித்தாள், ஒன்றிலேயே அவளுக்குப் போதுமான அளவு ஊறிற்று, அது எப்படித் தெரிந்துகொண்டது என்று நான் ஆச்சரியப்பட்டிருக்கிறேன். ஏய் சிந்து, நீ குடித்தது இதில்தான்டி. இதைத்தான் எடுக்கச் சொல்கிறாய். இதை அவளிடம் சொல்லமாட்டேன், சொன்னால் அழுவாள், அழவைத்து ஜெயிப்பது நியாயமில்லை. குடித்த மார்பு என்பதற்காக வைத்துக்கொள்வதும் கணக்கில்லை. கணக்கு வேறு.

கணக்கு என்னவென்று நின்றுகொண்டே போடுகிறேன், கால் வலிக்கிறது. இடதை எடுத்தால் எதிலிருந்து தப்பிக்கிறேன். பத்து வருஷத்தில் நூற்றுக்கு ஐந்து பேருக்கு வருகிற புதுக் கட்டியிலிருந்து. வலதிலிருந்து ஏற்கெனவே ஏதாவது கிளம்பி எலும்புக்கோ ஈரலுக்கோ போயிருந்தால் அதை இடதை எடுப்பது தடுக்குமா. தடுக்காது. டாக்டர் இதைச் சொல்லும்போது பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். மேடம், இடதை எடுக்கறதால நீங்க கூடுதலா எத்தனை வருஷம் இருப்பீங்கன்னு கேட்டா, உங்க மாதிரி ஆளுக்கு ஒண்ணும் கூடறதில்ல. அப்போது எனக்கு இது காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை. இப்போது போகிறது. அப்படியென்றால் என்னைக் கொல்லக்கூடியது இடதில் இல்லை. அது ஏற்கெனவே கிளம்பியதா இல்லையா என்பதில் இருக்கிறது, அதற்குத்தான் ஆபரேஷன் முடிந்து நாலு வாரத்தில் மருந்து ஏற்ற வேண்டும். இரண்டு பக்கமும் காயம் இருந்து, சர்க்கரையில் ஒரு பக்கம் பிரிந்துகொண்டால், மருந்து தள்ளிப்போகும். நல்ல பக்கத்துக் காயம் கெட்ட பக்கத்து வைத்தியத்தை நிறுத்திவைக்கும். ஒரு வரி இறங்கிருச்சுன்னா மொத்தமும் போச்சு. இது தெளிவா, வேறு விதமான பயமா. ஒன்றை எடுத்துவிட்டு மூன்று வருஷம் கழித்து இடதில் வந்தால், அன்றைக்கு எடுத்திருக்கலாமே என்று சிந்துஜா சொல்லமாட்டாள், பார்ப்பாள், அந்தப் பார்வையை நான் எப்படித் தாங்குவேன். இரண்டையும் எடுத்துவிட்டுக் காயம் பிரிந்துகொண்டால் குருசாமி ஒன்றும் சொல்லமாட்டார், டப்பாக்களை இன்னும் ஒரு தட்டுக் கீழே இறக்குவார். கை மறுபடி இடதுக்குப் போய்விட்டது. இருக்கிறதா. இல்லை. ஒரு நாளைக்கு இதை எத்தனை தரம் செய்கிறேன், அறுபதா, எழுபதா. இரண்டையும் எடுத்துவிட்டாலும் இந்தக் கை சும்மா இருக்காது. விலா எலும்பைத் தடவும், அக்குளைத் தடவும், கழுத்தைத் தடவும். எனக்கு வெட்டியெறிய வேண்டியிருப்பது இந்தக் கை தேடுகிற தேடலை, அது எந்த மார்பிலும் இல்லை. அப்படி நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று, ஏற்கெனவே எழுதியிருந்த நேரத்தை அழித்துவிட்டு அதே நேரத்தை மறுபடி எழுதினேன்.

கடைசி மணி. இப்போது எண்ண வேண்டும், இந்தத் தேர்வில் அதுதான் விசேஷம், எந்த எழுத்துக்கு எத்தனை வட்டம் என்று அவரவர் எண்ணிக் கட்டத்தில் எழுத வேண்டும், மொத்தம் இருநூறு வர வேண்டும். விரல்கள் தாளில் ஊர்கின்றன, உதடுகள் முணுமுணுக்கின்றன, மீசைக்காரர் மூன்றாவது முறையாக முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். அழகுமீனாவுக்கு நூற்றுத் தொண்ணூற்றொன்பதுதான் வந்தது, கண் கலங்கி என்னைப் பார்த்தாள், சொல்லித்தரக் கூடாது, நிதானமா எண்ணும்மா நேரம் இருக்கு என்று மட்டும் சொன்னேன். எண்ணினாள். இருநூறு. அவள் தாளை வாங்கும்போது பார்த்தேன், கீழே நான் அடித்த ஒற்றைக் கோடு, மேலே அவள் எழுதிய எண்கள். ஐந்தாவது எழுத்துக்கு முப்பத்தொன்று. முப்பத்தொரு கேள்விக்கு விடை தெரியவில்லை என்று இந்தப் பெண் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறாள், குருட்டாம்போக்கில் ஒன்றைக் கறுப்பாக்கியிருக்கலாம், செய்யவில்லை. தெரியாதது முப்பத்தொன்று இருந்தும் கூட்டல் சரியாக வந்திருக்கிறது. இருபது தாள்களை எண்ணினேன், பத்தொன்பது வந்தது, உயிர் போயிற்று. மறுபடி எண்ணினேன், இருபது. கீழே கொண்டுபோய் ஒப்படைத்து, அட்டைப்பெட்டியில் என் போனைத் தேடி எடுத்தேன். சிந்துஜா பதினொரு தரம் கூப்பிட்டிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு தரம். மணி ஒன்று ஆக எட்டு நிமிஷம்.

வேப்பமரத்தடியில் அழகுமீனா குழந்தையைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். மாமியார் இந்தப் பக்கம் திரும்பி நின்று போகிற வருகிறவர்களை முறைத்துக்கொண்டிருந்தாள். குழந்தையின் கால் மட்டும் வெளியே தெரிந்தது, கட்டைவிரல் மடங்கி மடங்கி விரிந்தது. துண்டைத் துவைச்சுக் குடுக்கணும், அந்தம்மா எங்க இருப்பாங்க டீச்சர் என்று கேட்டாள். நான் சொல்லிக்கிறேன், நீ பிள்ளையைப் பார் என்றேன். என் இடது பக்கம் இன்னும் லேசாகச் சுண்டிக்கொண்டிருந்தது, கை அங்கே போகப் பார்த்தது, போனைப் பிடிக்க வைத்தேன். முதலில் மகளையா, ஆஸ்பத்திரியையா. மகளைக் கூப்பிட்டால் அவள் பயம் என் பயத்தோடு சேர்ந்துகொள்ளும். ஆஸ்பத்திரி நம்பரை அழுத்தினேன். நர்ஸ் பெண் எடுத்தாள், பெயரைக் கேட்டாள், ஏதோ காகிதம் புரளும் சத்தம்.

"சொல்லுங்க மேடம், ஒண்ணா, ரெண்டா?"

"வலது மட்டும்."

"இடது?"

"இடது நல்லாத்தான் இருக்கு. அது இருக்கட்டும்."

"ஃபாரத்துல டிக் பண்ணிரவா? திங்கக்கிழமை வந்து மாத்தக் கூடாது மேடம்."

"பண்ணிருங்க. எனக்குப் பயமா இருக்குன்னும் எழுதிக்கங்க."

அந்தப் பக்கம் மறுபடி காகிதம் புரண்டது. பிறகு அவள், இந்த ஃபாரத்தில் அதற்குக் கட்டம் இல்லையே மேடம் என்றாள், கேலியாக இல்லை, நிஜமாகவே தேடிப் பார்த்துவிட்டுச் சொல்வது போலச் சொன்னாள். ஓரத்தில் இடம் இருக்கும், அங்கே எழுதுங்கள் என்றேன். எழுதினாள். பேனா காகிதத்தில் ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்டது, அது முடிகிற வரைக்கும் போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.